412 வீடியோ, பத்துத் தண்டால்கூட இல்லை

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. போனை எடுத்து யூடியூப்ல 'வாட்ச் லேட்டர்' பட்டியலைத் திறங்க. அதுல உடற்பயிற்சி வீடியோ எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. இன்ஸ்டாவுல சேவ் பண்ணினது, டெலிகிராம்ல இறக்கினது, சீனியர்கிட்ட பென்டிரைவ்ல வாங்கினது, எல்லாத்தையும் சேர்த்துக்கோங்க. எண்ணியாச்சா? இப்போ ரெண்டாவது கேள்வி. போன வாரம் அதுல எத்தனை செஞ்சீங்க?

முதல் எண் பெருசாவும் ரெண்டாவது எண் முட்டையாவும் இருந்தா, வாங்க, உட்காருங்க. நாம ஒரே கட்சி.

என் கணக்கைச் சொல்லிடறேன். 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல 'ஃபிட்னஸ்'னு ஒரு ஃபோல்டர். மொத்தம் 412 வீடியோ, 187 ஜிபி. உள்ளே துணை ஃபோல்டர்கள் வேற: 'ஆப்ஸ்', 'ஃபுல் பாடி', 'யோகா', 'ஹெச்ஐஐடி', 'எக்ஸாம் டைம் 10 நிமிஷம்', 'செம் லீவ்ல கண்டிப்பா'. அந்தக் கடைசி ஃபோல்டருக்குப் பேர் வெச்சது முதல் வருஷத்துல. இப்போ நான் இறுதியாண்டு. அதுக்குள்ள இருந்த ஒரு வீடியோவைக்கூடத் திறந்ததில்லை.

தினமும் ஒண்ணு, எதையும் திரும்பப் போடாம செஞ்சாக்கூட, 412 வீடியோவும் முடிய ஒரு வருஷமும் 47 நாளும் ஆகும். நான் உண்மையில எத்தனை செஞ்சேன்கிறதைப் பின்னாடி சொல்றேன். கொஞ்சம் வெட்கமா இருக்கு.

'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று அறிவுரை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அதைச் சொல்ல வீட்டுலயும் ஊர்லயும் நிறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வர்றது வேற. நாம செய்யாம இருக்கிறதுக்குக் காரணம் நல்ல வீடியோ கிடைக்காதது இல்லை. குவிச்சு வெச்சிருக்கிற குவியலும் ஒரு காரணம். அதனால அதை அழிக்கணும். கைக்கு அடங்குற அளவு மட்டும் மிச்சம் வெச்சா போதும்.

குவியல் வந்த கதை

2020-ல் நான் பத்தாவது. பொதுத்தேர்வு ரத்தாகி எல்லாரும் பாஸ் ஆன பேட்ச். ஊரடங்கு. உலகம் முழுக்க வீட்டுக் கூடமே ஜிம் ஆன நேரம் அது. இங்கிலாந்தில் ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர், பள்ளிகள் மூடியதும் மார்ச் 23-இலிருந்து வார நாட்களில் காலை 9 மணிக்கு யூடியூபில் நேரலையாகப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுத்தார். இரண்டாம் நாள் நேரலையை 9 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேலான பார்வையாளர்கள் பார்த்ததாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு வகுப்பு, ஒரு நேரம். 'இன்னைக்கு எதைப் போடலாம்' என்று யோசிக்கிற வேலையே அங்கே இல்லை.

எங்க வீட்டு மொட்டைமாடியிலும் அப்படித்தான் இருந்தது. இருந்தது அப்பா போன், தினமும் 1.5 ஜிபி டேட்டா, அதுவும் ஆன்லைன் கிளாஸுக்குப் போக மிச்சம். அதனால ஒரே ஒரு 15 நிமிஷ வீடியோவை இறக்கி வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் அதையே செஞ்சேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மாடிக்குப் போயிடுவேன். 4 தண்டால்ல ஆரம்பிச்சு 22 வரைக்கும் வந்தேன். இன்னைக்கு வரைக்கும் என் வாழ்நாள் சாதனை அந்த 22 தான்.

அப்புறம் காலேஜ் வந்தது. ஹாஸ்டல் வைஃபை வந்தது. ராத்திரி 12 மணிக்கு மேல அது எப்படிப் பறக்கும்னு உங்களுக்கே தெரியும். 30 நாள் சேலஞ்ச், 60 நாள் சேலஞ்ச், தோளுக்குத் தனி, தொடைக்குத் தனின்னு இறக்கித் தள்ளினேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய புரோகிராம்களையும் யாரோ டெலிகிராம்ல ஏத்தி வெச்சிருந்தாங்க. அதையும் எடுத்தேன். தப்புதான், ஒத்துக்கறேன். ஜூனியர் பசங்க பென்டிரைவோட வந்து வாங்கிட்டுப் போவாங்க. "அண்ணா, உங்ககிட்ட இல்லாததே இல்லையாமே" என்று ஒருத்தன் சொன்னப்போ எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ரூம்மேட் மட்டும் கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டான்: "எல்லாம் சரி மச்சான், அவனுக்கு முன்னாடி ஒரு பத்துத் தண்டால் எடுத்துக் காட்டேன்."

எடுத்தேன். ஏழாவதுல கை நடுங்கிடுச்சு.

யோசிச்சுப் பார்த்தா, என் கிட்ட ஒரு வீடியோ இருந்தப்போ 22. நானூறு இருந்தப்போ 7.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி வெளிய போய் நாலு பரோட்டா சாப்பிட்டு வருவேன். வயிறு கனக்கும், மனசும் கனக்கும். உடனே லேப்டாப்பைத் திறந்து புதுசா மூணு வீடியோ இறக்குவேன். 100 சதவீதம்னு காட்டினதும் மனசுல இருந்த கனம் போயிடும், நிம்மதியா தூங்கிடுவேன். அந்த உறுத்தல் என்னைக் கட்டில்ல இருந்து கீழே இறக்கியிருக்கணும். அதை டவுன்லோடு தின்னுடுச்சு. சேமிக்கிறதே செஞ்ச மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துடுது. இந்தக் குவியல் எனக்குச் செஞ்ச பெரிய கெடுதல் இதுதான்.

அப்பாவுக்கு அனுப்பின 34 லிங்க்

இதெல்லாம் என்னோட நின்னிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.

அப்பா மளிகைக் கடை வெச்சிருக்கார். காலையில 6 மணிக்குக் கல்லாவுல உட்கார்ந்தா ராத்திரி 10 மணி வரைக்கும் அங்கேதான். போன வருஷம் அவருக்குச் சுகர் இருக்கிறது தெரிஞ்சது. மூணு மாசச் சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி 7.8. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி, நடக்கவும் லேசா உடற்பயிற்சி செய்யவும் சொல்லி அனுப்பினார். அன்னைக்கு ராத்திரி அப்பா எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, நீதான் இந்த எக்சர்சைஸ் வீடியோ எல்லாம் வெச்சிருக்கியே. அப்பாவுக்குத் தோதா ஒண்ணு அனுப்பேன்."

கவனிச்சீங்களா? அவர் கேட்டது ஒண்ணு.

நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடி 34 லிங்க் அனுப்பினேன். வயசானவங்களுக்கு, நாற்காலியில உட்கார்ந்தபடி, முட்டிவலிக்காரங்களுக்கு, சுகர்காரங்களுக்கு, யோகா, மூச்சுப்பயிற்சின்னு வகை பிரிச்சு. 'பார்க்கிறேன்பா' என்று பதில் வந்தது. கடமை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

மூணு மாசம் கழிச்சு தீபாவளி லீவுக்குப் போனேன். மறுபடி டெஸ்ட் எடுத்திருந்தாங்க. 8.5. "வீடியோ பார்த்துச் செய்யறீங்களாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"எதைப் போடறதுன்னு தெரியலப்பா. எல்லாமே நல்லாத்தான் இருக்கு. ஒருத்தர் காலையில வெறும் வயித்துல செய்யச் சொல்றார், இன்னொருத்தர் சாப்பிட்டுட்டுச் செய்யச் சொல்றார். நீ வந்ததும் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

சுகர் ஏறினதுக்கு வீடியோ மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். கடையில வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம், வேளைக்குச் சாப்பாடு கிடையாது, மாத்திரையும் நடுவுல நாலஞ்சு நாள் விட்டுப்போச்சு. ஆனா அவர் செய்யத் தயாரா இருந்த அந்த முதல் வாரத்தை என் 34 லிங்க் வீணாக்கிடுச்சு. ஒண்ணு கேட்டவருக்கு ஒண்ணைக் கொடுத்திருக்கணும். என் கிட்ட இருந்த வியாதியை அவருக்கும் ஃபார்வர்டு பண்ணிட்டேன்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்ததும் ஹார்ட் டிஸ்கைத்தான் முதல்ல எடுத்தேன்.

அதிகமானா ஏன் கெடுது?

முதல் காரணம், தேர்வு செய்யறதே ஒரு வேலை. 2000-ஆம் ஆண்டில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று பிரபலம். கலிபோர்னியாவில் ஒரு கடையில் ஒருநேரம் 24 வகை ஜாமையும் இன்னொரு நேரம் 6 வகை ஜாமையும் ருசி பார்க்க வைத்தார்கள். 24 வகை இருந்த மேசையில் நின்றவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை இருந்தபோது 30 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே விளைவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதை எதிர்பார்க்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு வகை அதிகமானாலும் குழப்பம் வருவதில்லை. ஆனா காலையில 6 மணிக்கு அரைத்தூக்கத்துல, 8:45 கிளாஸை நினைச்சுக்கிட்டு ஃபோல்டரைத் திறக்கிற நமக்கு என்ன தெளிவு இருக்கும்? 'இது 40 நிமிஷமா, வேண்டாம். இது நேத்து செஞ்சது. இது ரொம்ப ஈசி.' பத்து நிமிஷம் தேடிட்டு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு மறுபடி போர்வைக்குள்ள போயிடுவோம்.

ரெண்டாவது காரணம், தினமும் வேற வீடியோ போட்டா அளக்க முடியாது. லேப்ல ஒரே நேரத்துல எல்லா மாறிகளையும் மாத்திட்டு ரீடிங் எடுத்தா சார் ரெக்கார்டைத் தூக்கி எறிவார் இல்லையா? உடம்பும் அப்படித்தான். தசை வலுப்பெறணும்னா, போன தடவையை விடக் கொஞ்சம் கூடுதல் சுமையோ எண்ணிக்கையோ கொடுத்துக்கிட்டே வரணும். போன தடவை எவ்வளவுன்னு தெரியணும்னா அதே பயிற்சியைத் திரும்பச் செய்யணும். 4, 6, 9, 12 என்று நான் ஏறினது அந்த ஒரே வீடியோவால. டிவிடி காலத்து 'பி90எக்ஸ்' புரோகிராமைப் பாருங்க. 90 நாள் திட்டம், ஆனா அதில் மொத்தம் 12 பயிற்சிகள்தான். அதையே ஒரு அட்டவணைப்படி சுத்திச் சுத்தி வர வைப்பாங்க. அதை உருவாக்கினவங்களுக்கே 12 போதும்னு தோணியிருக்கு. நமக்கு 412 எதுக்கு?

மூணாவது காரணம், தலைப்பு வேற வேறயா இருந்தாலும் உள்ளே இருக்கிறது பெரும்பாலும் ஒண்ணுதான். கையால் தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கி நிமிர்வது, நடு உடம்பை உறுதியா நிறுத்துவது. வீட்டுப் பயிற்சி வீடியோக்கள் பெரும்பாலும் இந்த அஞ்சுக்குள்ள அடங்கிடும். பேரை மட்டும் மாத்தி மாத்தி விப்பாங்க. 'டபாட்டா' என்ற பேரையே எடுத்துக்கோங்க. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தது அது. 20 விநாடி முழு மூச்சா, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. மொத்தமே சுமார் 4 நிமிஷம். அதுவும் சைக்கிள் மாதிரியான கருவியில, சக்தி முழுசா தீர்ந்துபோற வேகத்தில். என் ஃபோல்டர்ல '45 நிமிட டபாட்டா' மட்டும் ஆறு இருந்தது. உண்மையான டபாட்டா வேகத்துல 45 நிமிஷம் யாராலும் ஓட்ட முடியாது.

அழித்த விதம்

ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல எல்ஆர்யு படிச்சிருப்பீங்க. கேஷ் நிறைஞ்சுட்டா, ரொம்ப நாளா தொடாததை முதல்ல வெளியேத்து. இன்டர்னல்ல எழுதி மார்க் வாங்கின இதை வாழ்க்கையில பயன்படுத்தினது இதுதான் முதல் தடவை. ஆனா நேரா அதுக்குப் போகாம, சுலபமா விழறதை முதல்ல தள்ளினேன்.

ஒண்ணு, இரட்டை ஃபைல்கள். ஹாஷ் ஒப்பிட பைதான்ல சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஒரே வீடியோ 720, 1080-னு ரெண்டு தரத்துல இருந்தா ஹாஷ் மாட்டாது, அதுக்கு நீளத்தை வெச்சுக் கண்ணால பார்க்கணும். 61 போச்சு. மிச்சம் 351.

ரெண்டு, என் கிட்ட இல்லாத சாமான் கேட்கிறது. டம்பெல், பெஞ்ச், ரெசிஸ்டன்ஸ் பேண்ட், கெட்டில்பெல். 'வேலை கிடைச்சதும் வாங்கிப்பேன்' என்று வெச்சிருந்தேன். வாங்கின அன்னைக்குத் தேடிக்கலாம். 97 போச்சு. மிச்சம் 254.

மூணு, என் ரூமுக்கு ஒத்துவராதது. மூணு கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல எனக்குக் கிடைக்கிறது ஒரு பாய் விரிக்கிற இடம். குதிக்கிற பயிற்சி செஞ்சா கீழ் ரூம்ல இருக்கிறவங்க விளக்குமாத்தால சீலிங்கைத் தட்டுவாங்க. 68 போச்சு. மிச்சம் 186.

நாலு, பொய் சொல்றது. '7 நாளில் தொப்பை காலி' வகையறா. வயித்துக்கான பயிற்சி வயித்துத் தசையை வலுவாக்கும். அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் தேடிப்பிடிச்சு எடுக்காது. இது தெரிஞ்சும் 74 வெச்சிருந்தேன். மிச்சம் 112.

அஞ்சு, என் நாளுக்குள்ள நுழையாதது. காலையில எனக்கு நிஜமா கிடைக்கிறது 25 நிமிஷம். 40 நிமிஷத்துக்கு மேல இருந்த 53-ஐயும் எடுத்துட்டேன். மிச்சம் 59.

இப்போதான் எல்ஆர்யு. அந்த 59-ல் ஒரு தடவையாவது முழுசா செஞ்சது 19. மூணு தடவைக்கு மேல செஞ்சது 4. அவ்வளவுதான். நாலு வருஷம் சேர்த்ததுக்கு நாலு. அந்த நாலுல ஒண்ணு எது தெரியுமா? மொட்டைமாடி வீடியோ.

அந்த 4-ஐ வெச்சுக்கிட்டேன். கூடவே, செய்முறையைப் பொறுமையா சொல்லிக்கொடுக்கிற 3 வீடியோ. தண்டால்ல முழங்கை எங்க இருக்கணும், உட்கார்ந்து எழும்போது முட்டி எந்தப் பக்கம் போகணும், பிளாங்க்ல இடுப்பு ஏன் தொங்கக் கூடாது, இதையெல்லாம் தப்பா செஞ்சு பழகினா வலியில முடியும். மீதி 52-ஐ உடனே அழிக்க மனசு வரல. 'பெட்டி'ன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஒரு மாசம் கழிச்ச தேதியை அதுக்குப் பேரா வெச்சேன். அந்த மாசத்துல அதுல இருந்து ஒண்ணே ஒண்ணைத் தேடினேன். முதுகுக்கான நீட்சிப் பயிற்சி, லேப்டாப் முன்னாடி கூனி உட்கார்ந்ததோட பலன். அதை வெளிய எடுத்துக்கிட்டு மீதி 51-ஐயும் அழிச்சேன். இப்போ 8 வீடியோ, 3 ஜிபிகூட இல்லை.

அழிக்கும்போது வலிச்சது. பொய் சொல்ல மாட்டேன். 'செம் லீவ்ல கண்டிப்பா' ஃபோல்டரை அழிக்கிறப்போ, அந்த லீவ்ல வரப்போற ஒரு ஆளையும் சேர்த்து அழிக்கிற மாதிரி இருந்தது. நாம நிஜமா சேர்த்து வெச்சிருக்கிறது அந்த ஆளைத்தான்: ஒரு நாள் திடீர்னு எழுந்து எல்லாத்தையும் செஞ்சு முடிக்கப்போற ஒருத்தன். அவன் மூணு வருஷமா வரல. பாய்ல படுத்திருந்தவன் நான்தான். ஏழு தண்டாலோட இருந்த எனக்குத் தேவையானதை மட்டும் வெச்சுக்கிட்டேன்.

நீங்க கேட்கப்போறது

"ஸ்டோரேஜ்தான் மலிவாச்சே, இருந்துட்டுப் போகட்டுமே." டிஸ்க்ல இடம் மலிவுதான். காலையில 6 மணிக்கு இருக்கிற கவனம் மலிவு இல்லை. யூடியூப் பிளேலிஸ்ட்ல 5,000 வீடியோ வரைக்கும் சேர்க்கலாம். முடியும்கிறதுக்காகச் சேர்க்கணுமா?

"ஒரே பயிற்சி போரடிக்குமே." அடிக்கும். மூணு மாசத்துக்கு ஒருதடவை ஒண்ணை மாத்துங்க. ஆனா ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும். போரடிக்கிற அளவுக்குச் செஞ்சுட்டோம்னா அதுவே பெரிய விஷயம்.

"நெட்ல இருந்து அந்த வீடியோ காணாம போயிட்டா?" வீடியோ போகலாம், தண்டால் போகாது. நம்ம ஊர்ல தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் கேமரா வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது.

நாலாவது கேள்வியை எங்க வகுப்புத் தோழி கேட்டாள். இதுக்குத்தான் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "உனக்கென்ன, கிரவுண்டுக்குப் போவ, ஜிம்முக்குப் போவ. எங்களுக்கு ஆறரைக்கு கேட்டை மூடிடறாங்க. கிரவுண்டுல ஓடினா பத்துப் பேர் பார்க்கிறாங்க. ரூம்ல கதவைச் சாத்திட்டுப் போடற வீடியோதான் எங்க ஜிம். அதை அழிக்கச் சொல்றியா?" அவள் சொன்னது நியாயம். 1982-ல் ஜேன் ஃபோண்டாவின் முதல் ஒர்க்அவுட் கேசட் வந்தப்போ அத்தனை பெண்கள் அதை வாங்கினதுக்கும், வீட்டுக்குள்ளேயே யார் கண்ணும் படாம செய்யலாம்கிறது ஒரு காரணம். அதனால தெளிவா சொல்லிடறேன். நான் வீடியோவுக்கு எதிரி இல்லை. வீடியோ மட்டுமே வழியா இருக்கிறவங்களுக்குத்தான் குவியலால நஷ்டம் அதிகம். கேசட் காலத்துல வீட்டுல ஒண்ணு ரெண்டு கேசட்தான் இருக்கும், அதையே தேயத் தேயப் போட்டாங்க. "சரி, உன்கிட்ட எத்தனை இருக்கு?" என்று கேட்டேன். "மூணு," என்றாள். அப்போ இந்தக் கட்டுரை அவளுக்கு இல்லை. இன்னொண்ணும் சொல்லணும்: கேட்டை ஆறரைக்கு மூடறதுக்கான பதில் வீடியோ இல்லை. அதுக்குத் தனியா ஒரு கட்டுரை எழுத அவளைக் கேட்டிருக்கேன்.

வீடியோவில் இருந்து தாளுக்கு

கடைசியா ஒரு யோசனை. எனக்கு ரொம்பப் பயன்பட்டது. வீடியோ கத்துக்கிறதுக்கு. செய்யறதுக்குத் தாள் போதும். ஒரு வீடியோவை மூணு நாலு தடவை பார்த்துச் செஞ்சா வரிசை மனப்பாடம் ஆகிடும். அப்புறம் அதை ஒரு தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டிடுங்க. பயிற்சியோட பேர், எண்ணிக்கை, பக்கத்துல தேதி போடக் கட்டம். போனைத் தொட வேண்டியதே இல்லை. போனைத் தொடாததால ரீல்ஸ் பக்கம் வழுக்கி விழற ஆபத்தும் இல்லை.

எவ்வளவு செய்யணும்னு கேட்டா, உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்பு என்கிறது. கூடவே வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்கு வலு கொடுக்கும் பயிற்சி. வேகமான நடையும் கணக்கில் சேரும். ஒன்றுமே செய்யாததற்குக் கொஞ்சம் செய்வது மேல் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இதுக்கு 412 வீடியோ வேண்டாம். ஹாஸ்டல்ல இருந்து டிபார்ட்மென்டுக்கு வேகமா நடங்க, சுவத்துல ஒரு தாளை ஒட்டுங்க. போதும்.

அப்பாவுக்கும் தாள்தான். பொங்கல் லீவுல போனப்போ, முதல்ல அவரைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட என்ன செய்யலாம், என்ன கூடாதுன்னு கேட்டுட்டு வந்தோம். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கிறவங்க வீட்டுல இருந்தா நீங்களும் அப்படியே கேட்டுக்கோங்க. அப்புறம் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளைத் திருப்பி அதுல எழுதினேன்: நாற்காலியில உட்கார்ந்து எழறது 10. சுவத்துல கை வெச்சுத் தள்ளறது 10. குதிகால் தூக்கறது 15. ராத்திரி சாப்பிட்டதும் தெருமுனை வரைக்கும் நடந்து வர்றது. ரெண்டு நாள் அவர்கூட நானும் செஞ்சேன். லிங்க் எதுவும் அனுப்பல.

அந்தத் தாளைக் கல்லாவுக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டியிருக்கார். செஞ்ச நாளுக்குப் பென்சில்ல ஒரு கோடு. போன வாரம் அம்மா போட்டோ எடுத்து அனுப்பினாங்க. எண்ணிப் பார்த்தேன், 52 நாளுக்கு 41 கோடு. அடுத்த டெஸ்ட் இன்னும் எடுக்கல. எண் என்ன வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா "இன்னைக்குச் செஞ்சீங்களாப்பா?" என்று கேட்டா இப்போ அவர் எனக்கே திருப்பிக் கேட்கிறார்: "நான் ஆச்சு, நீ?"

நான் இப்போ 16 தண்டால். 22-க்கு இன்னும் ஆறு இருக்கு.

சரி, ஆரம்பத்துல எண்ணினீங்களே, அந்த முதல் எண்ணுக்கு வாங்க. இன்னைக்கு ராத்திரி அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டு வாங்க. மிச்சத்தைப் பெட்டியில போட்டு ஒரு தேதி எழுதுங்க. வீட்டுல யாராவது 'ஒண்ணு அனுப்பு' என்று கேட்டா, தயவு செஞ்சு ஒண்ணு மட்டும் அனுப்புங்க.